குயில்ட் கிட் வாங்கலாமா: 11 சதுரம் குறைந்த ஒரு போர்வையின் கணக்கு

குயில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வைக்கான துணிகளும் செய்முறையும் ஒரே பெட்டியில் வருவதுதான் கிட். அதில் வந்த கிரீம் நிறத் துணியை வெட்டி முடித்து, சாப்பாட்டு மேசையில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். 60 சதுரம் வேண்டும், 49 தான் இருந்தது. இன்னொரு முறை எண்ணினேன், அதே 49. இரவு பதினொரு மணி, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் பாதி வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது, நான் மட்டும் மேசையில் கிடந்த மிச்சக் கீற்றுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவிலிருந்து மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்த துணி அது, இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்த 11 சதுரம் எங்கே போனது, அதை எப்படிச் சமாளித்தேன், அப்புறம் அதே போர்வையைக் கிட் இல்லாமல் சொந்தத் துணியில் தைத்தபோது என்ன ஆனது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தையல் வகுப்புக்குக் கூட வரும் பெண்கள் கிட் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் ஒவ்வொரு முறையும் பாதி சொல்லி நிறுத்திவிடுகிறேன்.

அக்கா மகளுக்குக் கேமரன் மலையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்ததில்தான் இது தொடங்கியது. அங்கே ராத்திரி பதினாறு, பதினேழு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கோலாலம்பூரில் வளர்ந்த பிள்ளை, "சித்தி, கடைப் போர்வை வேணாம், நீங்க தைச்சுக் கொடுங்க" என்று கேட்டுவிட்டாள். மலாய் உடையான பாஜு கூரோங், பிளவுஸ், திரைச்சீலை என்று முப்பது வருடமாகத் தைக்கிறேன், குயில்ட் மட்டும் தைத்ததில்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் எங்கள் பாட்டி பழைய நூல் புடவையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைகளுக்கு விரிப்பு செய்வார். அதுவும் குயில்ட்டுக்குச் சொந்தம்தான், ஆனால் துண்டு துண்டாக வெட்டி நட்சத்திரமாகச் சேர்ப்பது வேறு வேலை. மலாய்க்காரர்கள் செலிமுட் பெர்ச்சா என்று சொல்வார்களே, அந்த வகை.

தெரியாத வேலையாயிற்றே, முதல் முறை வழியில் தடுமாறக் கூடாது என்று கிட் வாங்கினேன். 60க்கு 72 இன்ச் போர்வை, மொத்தம் 30 கட்டம், ஒவ்வொன்றும் 12 இன்ச், ஒஹையோ ஸ்டார் என்று அமெரிக்காவில் சொல்லும் நட்சத்திரம். ஒரு கட்டத்தை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது சதுரமாகப் பிரித்துப் பாருங்கள்: நாலு மூலையிலும் வெறும் பின்னணித் துணி, நடுவில் ஒரு வண்ணச் சதுரம், மீதி நாலு பக்கத்தில் நாலு முக்கோணம் சேர்ந்த சதுரம். அந்த முக்கோணங்கள்தான் நட்சத்திரத்தின் கூர்கள்.

பெட்டிக்குள் மேல்பக்கத்துக்கான துணிகள், ஓரப்பட்டைத் துணி, ஒரு செய்முறைப் புத்தகம், ஒரு வண்ணப்படம். அவ்வளவுதான். நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு இல்லை, அடித்துணி இல்லை. பெரும்பாலான கிட்டில் இந்த இரண்டும் இருக்காது, விளம்பரத்தில் முழுப் போர்வைதான் படமாக இருக்கும், அதனால் என்ன இருக்கிறது என்று படிப்பதற்கு முன்னால் என்ன இல்லை என்று படித்துவிடுங்கள். விலை 398 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது, அது 39.80. தபால் செலவு 95. ஆக 532.80. இதைத் தனியே குறித்து வைத்தேன், பின்னால் தேவைப்படும்.

இனி என் தவறு. நம் வீடுகளில் புதுப் பருத்தித் துணி வந்தால் அதை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயப்போட்ட பிறகுதான் கத்திரி படும். கிட்டில் ஒரு அடர் சிவப்பு இருந்தது, சாயம் போய் கிரீம் துணி முழுக்க இளஞ்சிவப்பாகிவிடுமோ என்ற பயத்தில் எல்லாத் துணியையும் தனித்தனி வாளியில் ஊறவைத்துவிட்டேன். செய்முறைப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. படித்தேன், படித்தும் துவைத்தேன், ஏனென்றால் துவைக்காமல் வெட்டக் கை வரவில்லை. சிவப்புத் துணியின் வாளியில் மட்டும்தான் தண்ணீர் நிறம் மாறியது. கிரீம் துணியைத் துவைக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, ஆனால் சாயம் ஏறி முடிந்து கடைக்கு வந்த துணியில் உப்பு எதையும் பிடித்து நிறுத்துவதில்லை. ஒட்டாமல் தளர்வாக இருக்கும் சாயம் வெறும் தண்ணீரில் அலசினாலும் போய்விடும். ஒரு துணி சாயம் விடுமா என்று பார்க்க, ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து, சூடான அயன் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

சரி, கணக்கு. கிரீம் துணி 3 கெஜம், அதாவது 108 இன்ச் நீளம். துவைத்த பிறகு 104½. கரையை நீக்கினால் 42½ இருந்த அகலம் 41¼ ஆகிவிட்டது. பருத்தி மூன்று விழுக்காடு சுருங்குவது சாதாரணம்தான், சட்டை தைப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிட்டில் அப்படியல்ல. புத்தகம் சொன்னபடி முதலில் 4½ இன்ச் அகலத்தில் 14 கீற்று வெட்டினேன், மூலைச் சதுரங்களுக்காக. அது 63 இன்ச்சைத் தின்றுவிட்டது. அடுத்து முக்கோணங்களாக வெட்டும் சதுரங்களுக்காக 5¼ இன்ச் அகலத்தில் 8 கீற்று வேண்டும், 42 இன்ச் நீளத் துணி தேவை, என்னிடம் மிச்சம் 41½. ஆக 7 கீற்றுதான். அடுத்த அடி அதைவிடப் பெரிது: ஒவ்வொரு கீற்றிலும் 8 சதுரம் வெட்டச் சொல்கிறது புத்தகம். எட்டு முறை 5¼ என்றால் மிகச் சரியாக 42. என் துணியின் அகலம் 41¼. அதனால் கீற்றுக்கு 7 தான். ஏழேழு நாற்பத்தொன்பது.

இந்தக் கணக்கை அன்றைக்கு ராத்திரி ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் வேறொன்றும் புரிந்தது. நான் துவைத்தது தவறுதான், ஆனால் துவைக்காமல் விட்டிருந்தாலும் கரையை வெட்டியபின் அகலம் 41¾ இன்ச் மட்டும் இருந்திருந்தால் போதும், கீற்றுக்கு ஏழே சதுரம், எட்டுக் கீற்றில் 56, நாலு குறைந்திருக்கும். குயில்ட்டுத் துணி 42லிருந்து 44 இன்ச் அகலம் என்பார்கள், கரை போக எவ்வளவு தேறும் என்பது துணிக்குத் துணி மாறும். 105 இன்ச் தேவைப்படும் இடத்தில் 108 வைத்திருக்கிறார்கள், மூன்று இன்ச்தான் கூடுதல், முனையை நேராக்கவே ஒரு இன்ச் போய்விடும். கை ஒரு இடத்தில் நழுவினாலும் அதைச் சரிக்கட்டத் துணி இல்லை.

கிட்டின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான், விலையை இல்லை. கடையில் மீட்டர் கணக்கில் வாங்கினால் அரை மீட்டர் கூட எடுத்துக்கொள்வோம், முடிந்துபோனால் மறுநாள் போய் வாங்கிக்கொள்வோம். கிட்டில் வருவது ஒரு வடிவமைப்பாளர் ஒரு பருவத்துக்கு அச்சடித்த துணி, அந்த வரிசை தீர்ந்தால் பெரும்பாலும் மறுபடி அச்சடிக்க மாட்டார்கள். நான் தேடியபோது அதே இலை அச்சுள்ள கிரீம் எங்கும் இல்லை, கிட் விற்ற கடையிலும் தீர்ந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. ஒரு சதுரத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி பண்டாராயாவில் இறங்கி, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் தொடங்கி ஜாலான் மஸ்ஜித் இந்தியா வரை துணிக்கடை துணிக்கடையாக நடந்தேன். கிரீம் என்று கேட்டால் கடைக்கார அண்ணன்மார் பத்து கிரீம் எடுத்துப் போடுகிறார்கள். ஒன்று மஞ்சள் அடிக்கிறது, ஒன்று ரோஸ், ஒன்றில் நீலம் கலந்த வெள்ளை. டியூப் லைட்டில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், கடை முன்னால் ஐந்தடிப் பாதைக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் வைத்தால்தான் குட்டு உடையும். "என்ன தைக்கிறீங்க, இவ்வளவு பாக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார். போர்வை என்றேன். "போர்வைக்கா!" என்று சொல்லிவிட்டு உள்ளேயிருந்து இன்னும் மூன்று கட்டு எடுத்துவந்து போட்டார், அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நெருங்கி வந்த ஒன்றை அரை மீட்டர் வாங்கி வந்தேன். வீட்டில் ஒரு நூலை உருவி, வாஷ்பேசின்மேல் பிடித்துத் தீக்குச்சி வைத்தேன். பருத்தியானால் காகிதம்போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இது சுருண்டு, நுனியில் கறுத்த மணியாக உருண்டு நின்றது. பாலியெஸ்டர் கலப்பு. கலப்புத் துணியில் தைக்கக் கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் சுத்தப் பருத்திக்குப் பக்கத்தில் வைத்தால் அயன் சூடு ஒத்துவராது, துவைக்கத் துவைக்க ஒன்று மெத்தென்றாகும், இன்னொன்று அப்படியே விறைத்து நிற்கும்.

கடைசியில் துணி என் அலமாரியில்தான் இருந்தது. அம்மாவின் சந்தன நிற நூல் புடவை, கரை நைந்துபோனதால் கட்ட முடியாமல் வைத்திருந்தேன். கிரீமுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நிறம் இல்லை, அரை நிழல் கூடுதல், ஆனால் உறவு தெரிந்தது. நூறு முறை துவைத்துத் துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த துணி. ஒரே ஒரு சிக்கல், புடவை மெல்லியது. குயில்ட்டுத் துணியோடு சேர்த்துத் தைத்தால் மிஷின் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதுவும் முக்கோணத்தின் குறுக்கு விளிம்பு தொட்டாலே நீளும்.

அதற்கு நம்மிடம் வழி இருக்கிறது: கஞ்சி. சோறு வடித்த கஞ்சியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினேன், ஒரு பருக்கை தங்கினாலும் அயன் பெட்டியின் அடியில் கருகி ஒட்டிவிடும். வெட்டுவதற்கு முன் புடவைத் துண்டை அதில் முக்கி, பிழியாமல் கையால் வழித்துவிட்டு, நிழலில் காயப்போட்டேன். முழுசாகக் காயவிடக் கூடாது, தொட்டால் ஈரம் தெரியாமல் குளிர்ச்சி மட்டும் தெரியும் பதத்தில் எடுத்து அயன் செய்ய வேண்டும். அயன் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினேன், தேய்த்தால் துணி கோணிக்கொள்ளும். ஆறியதும் துணி காகிதம்போலச் சடசடத்தது. கத்தி வைத்தால் பிசிர் இல்லாமல் வெட்டியது. இதைப் பார்த்தபிறகு கிட் துணியில் வெட்டிய சதுரங்களுக்கும் கஞ்சித் தண்ணீர் தெளித்து அயன் செய்துவிட்டேன். ஒன்று மட்டும் கவனம்: கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அலமாரியில் விடாதீர்கள், இந்த ஊர் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், கரப்பானும் தேடி வரும். வேலை முடிந்ததும் போர்வையைத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும்.

புடவையில் 12 சதுரம் வெட்டினேன். ஒரு கட்டத்துக்கு இந்த அளவுச் சதுரம் இரண்டு வேண்டும். கிட் துணியின் 49இல் 48 போட்டு 24 கட்டம், புடவையின் 12 போட்டு 6 கட்டம், ஆக 30. அந்த ஆறையும் ஒரு மூலையில் குவிக்காமல், வரிசைக்கு ஒன்றாக, படிக்கட்டு இறங்குவதுபோல் நகர்த்தி நகர்த்தி வைத்தேன். மாற்றுத் துணியை ஒரே இடத்தில் வைத்தால் பிழை மாதிரி இருக்கும், பரவலாக வைத்தால் கண் அதை ஏற்றுக்கொள்ளும்.

தையலில் இன்னொரு பாடம் படித்தேன், ஆனால் அது கிட்டின் குற்றம் இல்லை. குயில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இன்ச்தான். பிளவுஸ் தைத்த கைக்கு அது மிகக் குறைவு, நான் அறியாமலே நூலளவு கூடுதலாக விட்டுக்கொண்டிருந்தேன். முதல் மூன்று கட்டம் 12½ வர வேண்டிய இடத்தில் 12¼ வந்தது. பிரித்தேன். அப்புறம் ஒரு சோதனை செய்தேன்: 1½ இன்ச் அகலத்தில் மூன்று கீற்றை அடுத்தடுத்து வைத்துத் தைத்து அயன் செய்தால் நடுக் கீற்று சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். எனக்கு முக்கால் இன்ச்சைத் தாண்டிக் கொஞ்சம் இருந்தது. அம்மா விட்டுச்சென்ற கறுப்பு சிங்கர் மிஷினில் ஊசியிலிருந்து கால் இன்ச்சுக்கு ஒரு நூலிழை குறைவாக அளந்து, மாஸ்கிங் டேப்பை ஐந்தாறு அடுக்கு ஒட்டிச் சின்னச் சுவர்போல வைத்துக்கொண்டேன். ஏன் ஒரு நூலிழை குறைவு என்றால், தைத்தபின் துணி மடங்கும் இடமும் கொஞ்சம் தின்னும். அதற்கப்புறம் எல்லாக் கட்டமும் 12½ வந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடித்துணி நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக வேண்டும், 68க்கு 80. படுக்கை விரிப்புக்கான 96 இன்ச் அகலப் பருத்தித் துணி மீட்டர் 22 வெள்ளிக்குக் கிடைத்தது, குறுக்காகத் திருப்பிப் போட்டதால் 1.8 மீட்டர் போதுமாயிருந்தது, நடுவில் ஒட்டுப் போட வேண்டியதில்லை. பஞ்சு விரிப்பு 75 வெள்ளி. ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு மூன்றையும் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று என்று ஊக்கு குத்தினேன், தலை சுற்றியது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் குயில்ட்டிங்கை மிஷினில் போடாமல் பாட்டியின் ஓட்டுத் தையலில், கெட்டி நூலில், ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றிக் கையாலேயே போட்டேன். இரண்டு மாதம் ஆனது. கேமரன் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இங்கே ஒரு சின்ன விஷயம். போர்வையைப் பார்த்த ஒரு தோழி, கிட்டில் தைத்தது சொந்த வேலை ஆகுமா என்றார். குயில்ட் கிட் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் மேரியன் ஊரைச் சேர்ந்த மேரி வெப்ஸ்டரின் பூ வேலைக் குயில்ட்டுகளை 1911இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகை வண்ணத்தில் வெளியிட்டது, வாசகர்கள் வடிவம் கேட்டு எழுதினார்கள், 1921இல் அவர் வீட்டிலிருந்தே ஒரு தொழில் தொடங்கி வடிவங்களையும் கிட்டையும் தபாலில் விற்றார். அந்தப் பெண்கள் எல்லாம் கத்திரியால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள், இன்று நாம் வைத்திருக்கும் சுழல் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது 1979இல்தான். நிறம் யாரோ தேர்ந்திருக்கலாம், 120 முக்கோணச் சதுரத்தையும் நான்தான் தைத்தேன். என் வேலைதான் அது.

ஆனால் நிறம் யாரோ தேர்ந்தது என்பதன் கனம் எனக்கு இரண்டாவது போர்வையில்தான் உறைத்தது. முதல் போர்வைக்கு 532.80 கொடுத்தது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால், அதே நட்சத்திரத்தை ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணியிலேயே தைத்துப் பார்க்க முடிவு செய்தேன். பின்னணிக்கு 3½ மீட்டர், மீட்டர் 14 வெள்ளி, 49. நட்சத்திரத்துக்கு எட்டு விதத் துணி அரை அரை மீட்டர், 60. ஓரப்பட்டைக்கு 7.50. ஆக 116.50. இந்த முறை தாராளமாக வாங்கி, எல்லாவற்றையும் நிம்மதியாகத் துவைத்து, 41 இன்ச் அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு சதுரமும் குறையவில்லை. கணக்கு ஒரு ஞாயிறு மதியத்தில் கைவந்துவிட்டது: நாலு இன்ச் முக்கோணச் சதுரம் வேண்டுமா, 1¼ கூட்டு, 5¼ வெட்டு, துணி அகலத்தை அதால் வகு, எத்தனை கீற்று, எத்தனை இன்ச், அதற்குமேல் கால் மீட்டர் சேர். அவ்வளவுதான்.

நிறத்தில் மாட்டிக்கொண்டேன். பின்னணிக்குக் கடல் பச்சை. நட்சத்திரங்களுக்கு மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ரோஸ், செங்கல் நிறம், மயில் நீலத்தில் பாத்தேக் அச்சு என்று ஒவ்வொன்றும் எடுத்த எடுப்பில் கண்ணைப் பறிக்கும் துணிகள். எட்டுக் கட்டம் தைத்துத் தரையில் பரப்பி எழுந்து நின்று பார்த்தால், நட்சத்திரத்தையே காணோம். துணி துணியாகப் பார்த்தால் அழகு, சேர்த்துப் பார்த்தால் ஒரே கலங்கல். கூர் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

கைப்பேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். கடல் பச்சை, ரோஸ், கிளிப்பச்சை, செங்கல், எல்லாம் ஒரே சாம்பல். மஞ்சள் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. உடனே கிட்டின் வண்ணப்படத்தை எடுத்து அதையும் கறுப்பு வெள்ளையில் பார்த்தேன். பின்னணி கிட்டத்தட்ட வெள்ளை. நட்சத்திரக் கூர்களில் பாதி கருமைக்குப் பக்கத்தில், பாதி நடுத்தரம். நடுச் சதுரம் எப்போதும் கூர்களைவிட ஒரு படி வெளுப்பு. முப்பது கட்டத்திலும் அந்த ஒழுங்கு மாறவேயில்லை. நான் அந்தத் துணிகளை மூன்று மாதம் கையில் வைத்திருந்தேன், வெட்டினேன், தைத்தேன், அயன் செய்தேன், அப்போதெல்லாம் இதைப் பார்க்கவில்லை. சிவப்பு, நீலம், பச்சை என்று நிறத்தைத்தான் பார்த்தேன், வெளுப்பு கருப்பு என்ற ஏற்ற இறக்கத்தைப் பார்க்கவில்லை.

கிட்டில் நான் காசு கொடுத்து வாங்கியது என்ன என்பது அந்தப் படத்தில்தான் தெரிந்தது. துணி இங்கே கிடைக்கும், கணக்கு ஒரு மதியத்தில் வரும். பழகிய ஒருவருடைய கண்தான் அந்தப் பெட்டிக்குள் இருந்தது, அதை நான் பார்க்காமலே தைத்து முடித்துவிட்டேன். கிட் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: கத்தியைத் தொடுவதற்கு முன் ஒரு சாயங்காலம் அந்தத் துணிகளை வரிசையாக அடுக்கி, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, எது எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் கைவிரல் அளவு வெட்டி ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனால் அடுத்த போர்வைக்குக் கிட் தேவைப்படாமலே போகலாம்.

இரண்டாவது போர்வையைக் காப்பாற்ற வெளிர் சந்தன நிறத்தில் 3 மீட்டர் வாங்கினேன், 42. அடர் நீலமும் மெரூனும் அரை அரை மீட்டர், 15. ஆக மேல்பக்கத்துக்கு மொத்தம் 173.50, என் தவறு உட்பட. கிட்டோடு ஒப்பிட்டால் நெருக்கி 360 வெள்ளி குறைவு. அந்தக் கடல் பச்சைக் கட்டங்கள் எட்டும் குஷன் உறைகளாகிவிட்டன, தனித்தனியாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன.

அதனால் கிட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். துணிக்கடை பக்கத்தில் இல்லாத ஊரில் இருப்பவருக்கு, வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் தைக்கக் கிடைப்பவருக்கு, முதல் குயில்ட் தைப்பவருக்கு அது பெரிய உதவி, பாதி வழியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைக்காமல் முடிக்க வைக்கும். முன்பே வெட்டிக் கட்டிவரும் துணிகளும் உண்டு, 2½ இன்ச் கீற்றுக் கட்டு, 5 இன்ச் சதுரக் கட்டு என்று. அவற்றில் விளிம்பு பல் பல்லாக இருக்கும், அளவு பல்லின் நுனியிலிருந்தா பள்ளத்திலிருந்தா என்று உறையில் பார்த்துவிட்டுத் தையுங்கள், கீற்றை ஒருபோதும் துவைக்காதீர்கள், நூலாய்ப் பிரிந்துவிடும். மாதம் ஒரு கட்டமாக அனுப்பும் கிட்டுகளை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை, நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால் அந்தத் துணி அப்புறம் வராது. தள்ளுபடி என்று ஐந்தாறு வாங்கி அடுக்கி வைப்பதும் இந்த ஊருக்கு ஆகாது. பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கி மடிப்புகளில் பழுப்புப் புள்ளி வந்துவிடும், எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பிரிக்காத பெட்டியிலேயே அப்படி ஆனது.

வந்ததும் முதல் வேலை அளப்பது. ஒவ்வொரு துணியையும் விரித்து, கரை போக அகலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று டேப் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். குறைவாக இருந்தால் வெட்டுவதற்கு முன் கடைக்கு எழுதலாம், வெட்டியபின் யாரும் கேட்கமாட்டார்கள்.

அக்கா மகளின் தோழிக்கு அடுத்த வருடம் கல்யாணம், அவளுக்கும் ஒரு போர்வை வேண்டுமாம். இந்த முறை மறுபடியும் கிட்தான், ஏனென்றால் வடிவம் எனக்குப் புதிது, நாலு நிறமும் ஒன்றிலிருந்து ஒன்று மெல்லக் கருத்துக்கொண்டே போகும், அதை நானே தேர்ந்தெடுக்க இன்னும் தைரியம் வரவில்லை. பணம் கட்டுவதற்கு முன் விற்பவருக்கு ஒரே கேள்வி எழுதினேன்: துணியின் அகலத்தை எத்தனை இன்ச் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்? மறுநாள் பதில் வந்தது, 40. வாங்கினேன். நேற்றுதான் வந்து சேர்ந்தது. எல்லாத் துணியையும் அளந்துவிட்டேன், நாலும் கரை போக 42க்கு மேல் இருக்கிறது. அடர் மெரூனில் மட்டும் ஒரு முனையை நனைத்து வெள்ளைக் கைக்குட்டைமேல் வைத்து அழுத்திப் பார்த்தேன், லேசாக ரோஸ் படிந்தது. அதை மட்டும் தனி வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன், உப்பு போடவில்லை.